அண்ணியின் கடவுச்சீட்டும் ஒரு பேட்டரியும்

எங்கள் மலைத் தண்ணீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுத்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மட்டும் அது வரவில்லை. கல்யாணமாகி வந்த அண்ணிதான் பழைய லொறி பேட்டரி ஒன்றை வாங்கி, சின்ன பல்பு ஒன்றை மாட்டினார். லயத்து நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அந்த இடைவெளியில் பல்பைத் தொங்கவிட்டதால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரே வெளிச்சம்.

"படிக்கிறதுக்கு மட்டுந்தான் லைட்டு. சாப்பிட எதுக்கு? வாய் எங்க இருக்குன்னு தெரியாதா?" என்பார். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தோம்.

அண்ணியிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. அவர் சிறுமியாக இருந்தபோது, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியா போவதாக அவருடைய அப்பா எழுதிக்கொடுத்திருந்தார். புறப்படும் முன்பே சண்டை பெருத்துக் கப்பல் நின்றுவிட்டது. பிறகு இங்கே தங்குவதற்கான விசாவும் முடிந்தது. அடையாள அட்டை கிடைக்கவில்லை. பிறந்த மலையிலேயே அவர் அந்நிய நாட்டுக்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற நாங்கள் இருவரும் ராகலை டவுனுக்கு பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் பொலிஸார் எங்களை இறக்கினார்கள். சாக்குக்குள் பேட்டரி, கையில் காலாவதியான கடவுச்சீட்டு. யுத்தக் காலத்தில் இரண்டுமே சந்தேகத்துக்குப் போதும். அண்ணி சிங்களத்தில், ஐயா என்று மரியாதையாக விளித்து, நிதானமாகப் பேசினார்.

"லைட்டுக்குத்தான் மாத்தியா. நம்பலன்னா எங்க லயத்துக்கு வந்து பாருங்க."

பொலிஸ் அதிகாரி ஒருவர் உண்மையாகவே ஜீப்பில் எங்களோடு வந்தார். பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்சத்தில் அண்ணி பல்பை எரிய வைத்தார். அதிகாரி சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போய்ப் பார்த்தார்.

"பேட்டரி சரி. உங்க விசா முடிஞ்சு எவ்வளவு காலம்? ஏன் இன்னும் நாட்டை விட்டுப் போகல?"

"கப்பல் இல்லையே மாத்தியா. கடல்ல நடந்தா போறது?"

அதிகாரி, மாதம் ஒருமுறை பொலிஸில் வந்து கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொருவர் என்றால் அந்த அவமானத்திலேயே ஒடுங்கியிருப்பார். அண்ணி அதையும் தன் கணக்குக்குள் கொண்டுவந்தார். காலையில் ராகலைக் கடையில் பேட்டரியைக் கொடுப்பார். அது சார்ஜ் ஏறும் நேரத்தில் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்து வைப்பார். பின்னேரம் இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டு திரும்புவார். "நாட்ட விட்டுப் போ" என்று கொழும்பிலிருந்து எப்போது கடிதம் வருமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவர் பயந்திருந்தால்கூட ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சட்டம் மாறியது. இங்கேயே தங்கிவிட்டவர்கள் குடியுரிமை கேட்கலாம் என்றார்கள். மனு வாங்கத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் வந்தார்கள். அப்போது நான் அங்கே ஆசிரியை. தமிழ் பேசிய அதிகாரி ஒருவர் மேசைக்கு எதிரே நின்ற அண்ணியிடம் கேட்டார்:

"இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க உங்களுக்கு விருப்பமா?"

அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"போ, இருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. விருப்பமான்னு யாருமே கேட்டதில்லைங்க. விருப்பந்தான்."

அதிகாரி எழுந்து ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணி உட்கார்ந்தார்.