நீலச் சட்டைக்குப் பழகிய கோழிகள்

நான் ஓடப் பழகியது கோழிப்பண்ணையில். கல்லூரியில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்திகூடப் பத்தாயிரம் மீட்டரை முழுதாக ஓடி முடித்தவள் இல்லை என்பதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணையில் அப்பா மேற்பார்வையாளர். பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு ஒரு சின்ன வீடு. வெளியே தார்ச்சாலையில் ஓடினால் லாரியும் நாயும் மாறி மாறித் துரத்தும். லாரியாவது ஹாரன் அடித்துவிட்டு வரும். பண்ணைக்குள் நீளமான கொட்டகைகளைச் சுற்றி ஒரு மண்பாதை உண்டு. மேடு பள்ளம் கிடையாது. கோழிகளுக்காக விடியும் முன்பே விளக்கும் போட்டுவிடுவார்கள். இவ்வளவு வசதியான மைதானம் எங்கள் கல்லூரிக்கே கிடையாது.

ஆனால் அது கோழிகளின் இடம். முட்டைக்கோழியைப் போலப் பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பழகாத நிறம் கண்ணில் பட்டால் போதும், கூண்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரளும். அதன் பிறகு சில நாட்களுக்கு முட்டை குறையும், வருவதிலும் பாதி ஓடில்லாத தோல்முட்டையாக வரும். அதனால் பண்ணையில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. பெண்கள் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள், நான் டிராக் பேண்டுக்கு மேல். யாரும் குரலை உயர்த்தக் கூடாது, வேகமாக ஓடவும் கூடாது. அப்பாவுக்கு இது ஊறிப்போய், வீட்டில் கோபம் வந்தால்கூடத் தணிந்த குரலில்தான் திட்டுவார். அம்மா, "திட்டறதக் கொஞ்சம் கேக்கற மாதிரித் திட்டுங்க" என்பாள்.

நான் ஓடும்போது அப்பா கொட்டகை வாசலில் தீவன வண்டியோடு நிற்பார். கொஞ்சம் வேகமெடுத்தால் கையைத் தாழ்த்திக் காட்டுவார். "மெதுவா சாமி, மெதுவா. ஒரே மாதிரி போ."

ஒரே மாதிரி போய்ப் போய், எனக்கு வேறு மாதிரி ஓடவே வரவில்லை. கல்லூரியின் பி.டி. சார் தலையில் அடித்துக்கொள்வார். "கடிகாரம் மாதிரி ஓடற. கடைசி ரவுண்டுலயும் கடிகாரம் மாதிரியே ஓடினா எப்படிம்மா?" என்பார். முதல் இரண்டு வருடமும் பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புவது முதல் இரண்டு பேரை மட்டும். இரண்டு முறையும் கடைசி ரவுண்டில்தான் என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த முதுகுகளைப் பார்த்தபடி ஓடியபோது வந்த வயிற்றெரிச்சல் இன்னும் மறக்கவில்லை. மூன்றாம் வருடம்தான் கடைசி வாய்ப்பு.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கல்லூரியில் புது பனியன் கொடுத்தார்கள். பளீரென்ற ஆரஞ்சு நிறம், முதுகில் கல்லூரிப் பெயர். காலையில் அதை அப்பாவிடம் காட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி, துணியைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் ஓடிய எந்தப் போட்டியையும் அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கோழிக்குப் பசிக்குமே.

"போட்டுட்டு ஒரு சுத்து ஓடிக் காட்டு சாமி, பாக்கலாம்" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சட்டை நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பாடம் எடுக்கிற மனிதர் அவர். அந்த ஒரு நிமிடம் எல்லாம் மறந்துவிட்டது. எனக்கும்தான். முதல் கொட்டகையைப் பாதி தாண்டுவதற்குள் தகரக் கூரையே பெயர்ந்துவிடும் போலச் சிறகடிப்பு. அப்பா ஓடி வந்து தன் துண்டை என்மேல் போட்டு மூடினார். அதற்குள் அடுத்த கொட்டகையிலும் ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் பண்ணை முதலாளி வந்தார். "என்னங்க, முட்ட இப்படி எறங்கிருச்சு?"

"எம்பட தப்புங்க. பாப்பாவ அதப் போட்டுட்டு ஓடச் சொன்னது நாந்தானுங்க."

முதலாளி கத்தவில்லை. அங்கே யாரும் கத்த முடியாது. "கோழி தெளியற வரைக்கும் பாப்பாவ வேற எங்காச்சும் ஓடச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு முட்டை போன கவலை பாதி என்றால், போட்டி நேரத்தில் என் மைதானம் போன கவலை மீதி. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தச் சந்தோஷ முகம் நினைவுக்கு வந்ததும் கோபம் தங்கவில்லை.

அந்த வாரம் வறண்ட ஏரிக்குள் ஓடினேன். கருவேல முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்தான் துணை. இங்கே கோழி இல்லை, எவ்வளவு வேகமாகவும் ஓடலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. வேகமெடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலத் தானாகவே தணிந்துவிடும்.

போட்டி சேலத்தில். முதல் ரவுண்டுகளில் எல்லோரும் பிய்த்துக்கொண்டு போனார்கள். நான் என் வழக்கப்படியே போனேன். பாதிக்கு மேல் ஒவ்வொருத்தியாகப் பின்தங்க, கடைசி ரவுண்டு மணி அடித்தபோது மூன்றாவது இடத்தில் இருந்தேன். இரண்டாவது இடத்துப் பெண் நான்கைந்து எட்டு முன்னால். மறுபடியும் ஒரு முதுகு. பி.டி. சார் ஓரத்தில் நின்று கத்தினார். காதில் விழுந்தது, காலுக்குப் போகவில்லை.

கடைசி வளைவில், கம்பி வேலிக்கு வெளியே ஒரு நீலச் சட்டை தெரிந்தது. முட்டை வண்டியில் சேலம் செவ்வாய்ப்பேட்டை வரை வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, உடைகூட மாற்றாமல் வந்திருக்கிறார். கை வழக்கம்போல் தாழப் போனது. பாதியில் நின்றது. பிறகு இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"சாமி! இங்க கோழி இல்ல சாமி! ஓடு!"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்கப்புறம் நான் எப்படி ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த முதுகு பக்கத்தில் வந்தது, பிறகு காணோம். இரண்டாவதாக வந்தேன்.

மூச்சு வாங்க வேலியோரம் போனேன். அப்பா இருமிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் கத்திக் கேட்டதே இல்லை. அவருக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்றே எனக்குத் தெரியாது. தொண்டையைத் தடவியபடி, பழைய தணிந்த குரலில் கேட்டார்.

"ரொம்பச் சத்தம் போட்டுட்டனா சாமி?"