வாசலில் நின்ற ஓலைப்பைகள்

யுத்த நாட்களில், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் மட்டுமே எங்கள் அலுவலகத்துக்குள் எதையும் கொண்டுபோகலாம். வெள்ளவத்தையில் குடும்பமாகப் பனையோலைக் கைப்பை செய்து விற்ற அக்காவுக்கு இந்தச் சட்டம் தெரியாது. நான் ஓடர் கொடுத்த ஆறு பைகளோடு வாசலுக்கு வந்துவிட்டார். மெலிந்த உருவம். கதைக்கும்போதும் அவருடைய விரல்கள் பை விளிம்பில் பிசிர் தேடிக் கிள்ளிக்கொண்டே இருக்கும்.

காவலாளி பெரிய பிளாஸ்டிக் பையொன்றை நீட்டி, எல்லாவற்றையும் அதற்குள் போடச் சொன்னான்.

“போடுங்கோவன் அக்கா, மேல போய் எடுப்பம்” என்றேன்.

“மண்ணில போட்டால் மண்ணாப் போற சாமான் பிள்ளை இது. பிளாஸ்டிக் வேண்டாமெண்டுதானே வீட்டில எல்லாருமா இருந்து இழைக்கிறம். அதைக் கொண்டுவந்து இதுக்குள்ளயோ போடுறது?”

கத்தியவர், என் கையிலிருந்த பையைப் பார்த்தார். சோற்றுப் பார்சல், மாத்திரை, மாதவிலக்குக்கு வைத்திருந்த பஞ்சு எல்லாம் வெளியே தெரிந்தன.

“உன்ர சாமான் முழுக்க அவனுக்குத் தெரியுது. உனக்குக் கோவம் வாறேல்லையோ?”

வந்தது. காவலாளி மேல் அல்ல, ஊர் பார்க்க இதைக் கேட்ட அவர் மேல்.

ஆறு பைகளையும் தூக்கிக்கொண்டு அவர் காலிக்குப் போகும் வீதியில் இறங்கி நடந்தார். நான், காவலாளி கேட்பதற்கு முன்பே, என் பையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.