சீட்டுக் குலுக்கிப் போட்ட லீவு

போன வாரம் மாசி மகம். ஊரே வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த காலை நேரத்தில், நான் சாரம் பகுதியில் இருக்கிற எங்கள் பிஸ்கட் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் நின்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த என்னை, பொங்கல் முடிந்ததும் பேக்கிங்குக்கு சூப்பர்வைசராகப் போட்டார்கள். பதினாலு பெண்கள். அத்தனை பேரும் வேலையில் என்னைவிட சீனியர். எனக்கோ உள்ளூர உதறல். மெட்ராஸில் இரண்டு நாள் டிரெயினிங் வேறு கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம் — பாடம் அவ்வளவுதான். சும்மா விடுவேனா?

அவசர ஆர்டர் இருந்ததால் மகத்தன்று நாலு பேருக்குத்தான் லீவு தர முடியும். பெயர்களை எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, எல்லோர் எதிரிலும் நாலு சீட்டு எடுத்தேன். தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று நோட்டீஸும் ஒட்டினேன். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. நிர்வாகம் என்றால் இதுவல்லவா நிர்வாகம்!

அந்தப் பெருமையில் இருந்தபோதுதான், லீவு விழுந்த நாலு பேரில் ஒருத்தியான பிலோமினா வேலைக்கு வந்து நின்றாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு மாசி மகத்தன்று லீவு எதற்கு? யோசித்திருக்க வேண்டியவள் நான்தான்.

ஏன் வந்தாய் என்றேன். பெல்ட் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே வைத்திக்குப்பத்து அஞ்சலை தலை நிமிராமல் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐப்பசியில கடலுக்குப் போன அவங்கப்பா திரும்பல மேடம். உடம்பும் கெடைக்கல. இன்னிக்குத்தான் மொத தடவையா அவ அண்ணன் கடல்ல திதி குடுக்கறாரு. அவள அனுப்பிடுங்க. அவ எடத்துல நான் நிக்கிறேன்."

பிறகுதான் மீதியும் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த ரோசலி மதாம் லீவு லிஸ்ட்டில் கையே வைக்க மாட்டாராம். இவர்களே பேசி வைத்துக்கொள்வார்களாம். மாட்டுப் பொங்கலன்று, வீட்டில் மாடு இருக்கிற பெண்களுக்காக வைத்திக்குப்பத்துப் பெண்கள் வந்து வேலை பார்ப்பார்கள். மாசி மகத்துக்குக் குப்பத்துப் பெண்களுக்காக மாட்டுக்காரப் பெண்கள் வருவார்கள். அஞ்சலை தன் பங்கை ஜனவரியிலேயே செய்து முடித்துவிட்டாள்... அவளுக்குச் சேரவேண்டிய லீவைத்தான் நான் டின்னில் போட்டுக் குலுக்கியிருக்கிறேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அஞ்சலையையே கேட்டேன்.

"சீட்டுல வரலையே மேடம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. உடனே கிளம்பச் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள். நான் போய் நோட்டீஸைக் கிழித்தேன்.

புதிதாக நாற்காலி கிடைத்தவர்களுக்கு வருகிற வியாதி இது. நாம் வருவதற்கு முன்னால் இங்கே எதுவுமே ஒழுங்காக நடந்திருக்காது என்று ஒரு நினைப்பு. ஒரு மாதம் சும்மா பக்கத்தில் நின்று கவனித்திருந்தால் குடியா முழுகியிருக்கும்? ஆனால் கவனிப்பதைவிட நோட்டீஸ் ஒட்டுவது சுலபமாக இருக்கிறதே!

மறுநாள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று அஞ்சலையிடம் விசாரித்தேன். கூட்டத்தில் பஸ் நகரவில்லையாம். இறங்கி நடந்து போவதற்குள் அண்ணன் திதியை முடித்துக் கரையேறிவிட்டாராம். இவள் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

"தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கோ அஞ்சலை" என்றேன், பதினாலு பேர் எதிரிலும்.

அவளோ எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"பரவால்ல மேடம். அடுத்த வருஷமும் எங்கப்பா அங்கதான இருப்பாரு."