ஒரு கை சீத்தா விதை

நடந்தது இதுதான்.

1. மாசி மாதம் எங்கள் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது.
2. அதற்கான சொட்டு மருந்தை இராமநாதபுரத்தில் வாங்கி வந்தேன்.
3. அய்யா ஒரு கேள்வி கேட்டார். நான் சரியான பதில் சொன்னேன்.
4. அந்தப் பதிலால் மருந்து போடப்படவில்லை.
5. இயற்கை முறையில் பார்ப்பது என்று முடிவானது. அந்த முடிவை எழுதியதும் நான்தான், தேய்த்ததும் நான்தான்.
6. தெள்ளு செத்தது.
7. நாய்க்குக் கண் போனது.

மூன்றாவதைத் தவிர மற்றவை எல்லாம் தெருவுக்கே தெரியும்.

எங்களுக்கு மிளகாய் விவசாயம். நான் வேதியியல் படித்துவிட்டு, மண்டபம் பக்கத்தில் இறாலை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். இறால் சதையில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று தேடுவது என் வேலை. இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வது மேனேஜரின் வேலை.

அய்யா, அதாவது அப்பா, இரண்டு வருடமாக வயலுக்கு மருந்து அடிப்பதில்லை. மருந்தில்லாத வத்தல் மட்டும் எடுக்கும் ஒரு கம்பெனியோடு பேசியிருந்தார். முதல் வருட வத்தல் அவர்கள் சோதனையில் தேறவில்லை. பழைய மண்ணில் இருந்து வந்ததா, பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்ததா என்று தெரியவில்லை. இந்த வருடமும் தேறாவிட்டால் எங்களை விட்டுவிடுவார்கள். அதனால் களத்துப் பக்கம் கொசுச்சுருள்கூட ஏற்றக் கூடாது என்று அய்யா சொல்லிவிட்டார். வயல் ஓரத்து மணலில் வத்தல் காயும் இடத்தைத்தான் களம் என்கிறோம். ஆடு, மயில், ஆள் எது வந்தாலும் குரைக்க அங்கே ஒரு நாய் வேண்டும். எங்கள் வீட்டில் நாய்க்குப் பெயர் வைப்பதில்லை. "ஏய்" என்றால் வரும். கறுப்பு, பெட்டை, ஆறு வயது.

வால் முளைக்கும் இடத்தில் முடி போய்த் தோல் தெரிந்தபோது முதலில் சொறி என்று நினைத்தோம். முடிக்கடியில் மிளகுத் தூள் போலக் கறுப்பாக இருந்தது. நனைத்த வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் உதிர்த்தேன். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் சிவப்பு பரவியது. தெள்ளு குடித்துவிட்டுப் போட்ட ரத்தம். நாய் தன் இடுப்பைத் தானே கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. அரிப்புத் தாங்காமல் ஒருநாள் வத்தல்மேல் உருண்டது. புண்ணில் மிளகாய் பட்டதும் அது கத்திய கத்தலில் வரப்பில் நின்ற கொக்குகள் பறந்தன. அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "வத்தல்ல மயிரு ஒட்டிருச்சான்னு பாருடி" என்றாள்.

சொட்டு மருந்து சின்னக் குப்பியில் இருந்தது. நாயின் எடைக்கு ஏற்ற அளவு. பிடரியில் முடியை விலக்கித் தோலில் விட்டால் போதும், நக்க எட்டாது. அய்யா குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னத்தா இருக்கு?"

"ஃபிப்ரோனில்."

"அப்பிடின்னா?"

"நம்ம முந்தி மிளகாய்க்கு இலைப்பேனுக்கு அடிச்சோம்ல, அதே சரக்குதான்யா."

குப்பியைக் கீழே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார்.

"நாய் எங்கன படுக்குது?"

"வத்தல மூடுற தார்ப்பாய்மேல."

"இதைப் போட்டா வத்தல்ல ஒட்டுமா?"

"ஒட்டலாம்."

"ஒட்டுனா அவுக மெஷின்ல தெரியுமா?"

"நல்ல மெஷின்னா இம்புட்டூண்டு இருந்தாலும் தெரியும்."

சரியான பதில்தான். ஆனால் அதை நான் பெருமையோடு சொன்னேன். எங்கள் மெஷின் எவ்வளவு நுணுக்கமானது என்று வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. எவ்வளவு ஒட்டும், எத்தனை நாள் இருக்கும், அது தோலின் எண்ணெயிலேயே தங்குமா என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அப்ப வேணாம். அறுப்பு முடியட்டும்."

அறுப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் ரசாயனம்: அளவு தெரியும், இரண்டு நாளில் பலன், எச்சம் இருக்கும். வலப்பக்கம் இயற்கை: எச்சம் இல்லை, மெதுவாகத்தான் கேட்கும், அளவு தெரியாது. வலப்பக்கம் டிக் போட்டேன்.

முதலில் செய்தவற்றில் தவறு ஒன்றும் இல்லை. வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் குளிப்பாட்டினேன். பேன் சீப்பால் வாரி, விழுந்த தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். அது பகலில் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். தினமும் அரை மணி நேரம். நாய்மேல் இருப்பவை குறைந்தன. ஆனால் முட்டைகள் மணலில் இருந்தன. மூன்று நாள் இரவுப் பணி வந்து சீப்பை விட்டபோது மறுபடி ஏறிவிட்டன.

சின்னம்மா எங்கள் சித்தப்பாவின் மனைவி, அடுத்த வீடு. அவர்தான் சீத்தாப்பழ விதையைச் சொன்னார். தன் இரண்டு மகள்களுக்கும் பேனுக்கு அதைத்தான் அரைத்துத் தலையில் பூசினாராம்.

"ஒரே நாளு. பேனு ஈறு அம்புட்டும் செத்து உதிரும்."

"எவ்வளவு போடணும் சின்னம்மா?"

"ஒரு கை."

"ஒரு கைன்னா எத்தனை கிராம்?"

"அதைக் கொண்டுபோயி ஒங்க லேப்புல நிறுத்துக்க. எறாலுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவளுக்கு நாயிக்குப் பாக்கத் தெரியலையாக்கும்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

நான் தேடிப் படித்தேன். அந்த விதை பூச்சியைக் கொல்லும், உண்மைதான். கண்ணில் பட்டால் கருவிழியை அரித்துவிடும் என்றும் இருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன்: "கண்ணில் படக் கூடாது." எழுதியதால் அந்த விஷயம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை சின்னம்மா அரைத்துக் கொடுத்தார். நான் லேப்பிலிருந்து கொண்டுவந்த கையுறை மாட்டிக்கொண்டேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். நாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. நக்கிவிடாமல் இருக்க வாயைத் துணியால் கட்டினோம். ஈரத்தோடு வத்தலில் ஏறாமல் இருக்கச் சங்கிலியைக் குட்டையாகக் கட்டினோம். கழுத்திலிருந்து வால் வரை தேய்த்தேன். கடைசியில் காதுக்குப் பின்னாலும் தேய்த்தேன், அங்கேதான் அதிகம் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் முன்னங்காலால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தது. அந்தக் காலிலும் விழுது இருந்தது. துடைக்கத் துடைக்க எரிந்திருக்கும், எரிய எரியத் துடைத்தது. வாய் கட்டியிருந்ததால் மூக்கு வழியாகத்தான் சத்தம் வந்தது.

"என்னம்மா இப்பிடிப் பண்ணுது?"

"தெள்ளு சாகுறப்பக் கடைசியாக் கடிக்கும்டி. ஒனக்கு வேனு வந்துருச்சு, போ."

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. போனேன். அன்று பதினான்கு மாதிரிகள். எல்லாம் தேறின.

சாயங்காலம் வந்து பார்த்தபோது இரண்டு கண்களும் மூடி வீங்கியிருந்தன. இமைகளைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். நாயைச் சுற்றி மணலில் தெள்ளுகள் செத்துக் கிடந்தன. "பாத்தியாடி, நாஞ் சொன்னேன்ல" என்றார் சின்னம்மா. ஞாயிறு ஆஸ்பத்திரி இல்லை. திங்கள் கம்பெனியில் வெளிநாட்டு ஆய்வு. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் கூட்டிப்போனேன்.

கால்நடை டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். கண்ணில் ஒரு சாயம் விட்டு விளக்கை அடித்தார். இரண்டு விழிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. தோல் போன இடத்தில்தான் அந்தப் பச்சை பிடிக்கும் என்றார். இடது விழியில் பச்சை இல்லாத இடமே இல்லை.

"என்ன போட்டீங்க?"

சொன்னேன்.

"யார் போட்டது? படிக்காதவங்களா?"

"நான்தான் மேடம்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

அவர் மருந்துச் சீட்டை எழுதினார். பிறகு, "அன்னைக்கே வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். எழுதிய தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கண் சொட்டு ஒரு நாளைக்கு ஆறு தடவை. அய்யா அந்தக் குப்பியையும் கையில் வாங்கி, "இதுல என்னத்தா இருக்கு?" என்றார். "கிருமிக்கு மருந்துய்யா, வத்தலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். சரி என்று கொடுத்தார். நாய் எனக்குப் பிடி கொடுக்கவில்லை. சோப்புப் போட்டாலும் கையுறையின் ரப்பர் வாசனை விரலில் இருந்திருக்கும். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தால்தான் ஒரு சொட்டு விழும். ஆறு தடவை மூன்றாகக் குறைந்தது. பத்தாவது நாள் இடது விழி உடைந்து உள்வாங்கிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் வத்தல் கம்பெனியின் ஆள் மாதிரி எடுக்க வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த, சாந்தமான ஆள். களத்தில் கால் வைத்ததும் நாய் குரைத்தது. அவர் நின்ற திசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக் குரைத்தது.

"என்னங்கய்யா, நாயக் களத்துக்குள்ள வச்சிருக்கீக? முடி, எச்சி, மூத்திரம் எல்லாம் வத்தலுக்கு ஆகாதுல்ல. போன வருசமே தாள்ல போட்டுக் குடுத்தோமே, வேலிக்கு வெளிய கட்டணும்னு."

"வெளிய கட்டுனாக் காவல் காக்குமா?"

"பத்தடி தள்ளிக் கட்டுனாலும் கொரைக்கத்தானய்யா செய்யும்."

பத்தடி. நாயைப் பத்தடி தள்ளிக் கட்டியிருந்தால் அது தார்ப்பாயில் படுத்திருக்காது, வத்தலில் உருண்டிருக்காது, சொட்டு மருந்தை வாங்கிய அன்றே போட்டிருக்கலாம். என் நோட்டில் இரண்டு பத்திகள் இருந்தன. எதைத் தேய்ப்பது என்று மட்டுமே இரண்டிலும் யோசித்திருந்தேன். நாயை நகர்த்துவது இரண்டிலும் இல்லை.

அய்யா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் போய்ச் சங்கிலியை அவிழ்த்து, வேலிக்கு வெளியே முளை அடித்துக் கட்டினார். அன்றே பிடரியில் சொட்டு மருந்தையும் அவரே விட்டார். நாய் அவருக்கு அசையாமல் நின்றது.

"ஆஸ்பத்திரில சொல்லி ஊசி போட்டு விட்ருவமா? பாவம், இருந்து என்னத்துக்கு" என்று அம்மா அன்று கேட்டாள்.

அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கொரைக்கிறதுக்குக் கண்ணு எதுக்கு?"

இன்றைய நிலை: வத்தல் சோதனையில் தேறிவிட்டது. நாய்மேல் தெள்ளு இல்லை. இடது கண் இல்லை. வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, டார்ச் அடித்தால் மட்டும் முகத்தைத் திருப்புகிறது. டாக்டர் இதற்குமேல் தெளியாது என்று சொல்லிவிட்டார். நாய் வேலிக்கு வெளியே இருக்கிறது, காற்றில் தார்ப்பாய் அசைந்தாலும் குரைக்கிறது. அய்யா ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார், அது வளரும்வரை இது இருக்கும். நான் பக்கத்தில் போனால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறது. அதனால் சோறு அம்மா வைக்கிறாள்.