தொண்டையில் எலும்பு

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவளை எல்லாரும் நகவெட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி, முடி கத்தரித்து, நகம் வெட்டிவிடுவது அவள் பிழைப்பு. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். பூனை சோபாவில் மூத்திரம் போகிறது, எல்லாம் கொழுப்பு என்று யாராவது திட்டினால், "கொழுப்பு இல்லீங்க, நீர்க்கடுப்பா இருக்கும். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள். விடாமல் காதைச் சொறியும் நாய், இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கட்டினவர் போய்ச் சேர்ந்தபின் மகளைப் படிக்க வைத்ததும் இந்தக் கத்தரிக்கோல்தான்.

ஒரு நாள் காலையில் தையல்காரர் மனைவி போன் பண்ணினாள்.

"எங்க பட்டாணிக்குத் தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு போல. வாயை மூட மாட்டேங்குது, எச்சிலா ஒழுகுது. நானும் ரெண்டு தடவை கையை விட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆப்படலை. நீ வந்து எடுத்துவிடும்மா."

"இனிமே கையை விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் கிட்டயே போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினாள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவரும் நாய் பட்டாணி. அன்று வரவில்லை. இரண்டு தையல் மிஷின்கள் போட்ட முன்னறையில், வெட்டுமேசைக்கு அடியில் படுத்திருந்தது. ஒன்றுமில்லாத காற்றைக் கவ்வப் பார்த்தது. குரைத்தபோது குரல் அதனுடையதாகவே இல்லை. கம்மிப்போய், பாதியில் ஊளையாக இழுத்தது. கிண்ணத்துத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

தையல்காரரும் மனைவியும் மிஷின் பக்கம் நின்றிருந்தார்கள். அக்கா வாசற்படி தாண்டவில்லை. "ரெண்டு பேரும் மெதுவா வெளிய வாங்க" என்றாள். அவர்கள் வந்ததும் கதவை இழுத்துத் தாழ்போட்டாள்.

"வேற நாய் ஏதாவது கடிச்சுதா?"

"ஒன்றரை மாசம் இருக்கும். கேட் இடுக்குல ஒரு தெருநாய் மூக்கைக் கவ்விச்சு. ஆறிடுச்சே" என்றார் தையல்காரர்.

"தடுப்பூசி?"

"குட்டியா இருக்கறப்ப போட்டது. வெளியவே போகாத நாய்க்கு எதுக்குன்னு அப்புறம் விட்டுட்டோம்."

அக்கா அந்த அம்மாவின் வலது கையைப் பார்த்தாள். இரவும் பகலும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துத் தைக்கிற விரல்கள். நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள், சிலது பச்சைப் புண். பின்புறக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் அவளே அந்தக் கையைக் கழுவினாள். எலும்பு இல்லை, வெறிநோயாக இருக்கும், அந்த எச்சில் புண்ணில் பட்டாலே தொற்றிக்கொள்ளும் என்று அப்போதுதான் சொன்னாள்.

"வேற யாராவது வாய்ல கை வச்சாங்களா?"

"நேத்து நான் உள்ளே பார்க்கறப்ப தெருமுனை இஸ்திரிக்காரர்தான் தாடையைப் பிடிச்சுக்கிட்டாரு. பல் பட்டுக் கட்டைவிரல்ல லேசா கீறிடுச்சு."

அந்த அம்மாவுக்கு அன்றைக்கே மருத்துவமனையில் விரல் விரலாக மருந்து ஏற்றி, தடுப்பூசியும் போட்டார்கள். கையுறை போட்ட ஆட்கள் வந்து பட்டாணியைக் கூண்டில் ஏற்றிப்போனார்கள். மூன்றாம் நாள் அது செத்தது. பரிசோதனையில் வெறிநோய்தான் என்று உறுதியானது.

இஸ்திரிக்காரரைத்தான் காணோம். கடை பூட்டியிருந்தது, போன் அணைந்திருந்தது. தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டு அவருடைய வாடிக்கையாளர் வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதை மருத்துவமனை நாட்களிலேயே கேட்டறிந்தவள் அவள்.

ஐந்தாம் நாள் ஒரு வீட்டில் தங்கையின் விலாசம் கிடைத்தது. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனாள். இஸ்திரிக்காரர் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். "இந்தக் கீறலுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? தழும்புகூட இல்லை, பாருங்க."

"தழும்பு இல்லாதது சந்தோஷம். ஏறுங்க வண்டியில."

அவள் முகத்தைப் பார்த்தவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் ஊசிகளைத் தவறாமல் போட்டு முடித்தார்கள். ஆனாலும் பல மாதங்களுக்கு, தையல்காரர் மனைவி காலையில் முதல் மிடறு தண்ணீரை விழுங்கும்வரை மிஷின்கள் ஓடாது. புருஷன் மிதியில் காலை வைத்தபடி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.