வாளி இரண்டும் கயிறும்

அக்காவின் பழைய மடிக்கணினி விழித்தெழும்போது, தூரத்தில் நெல் மில் ஓடுவது போன்ற இரைச்சலும் சூடேறிய தூசியின் மணமும் வரும். திரையில் படம் தெரிய ஏழு நிமிடமாகும். வீட்டிலென்றால் பரவாயில்லை, ஆனால் யுத்தகாலத்தில், மூதூர் இறங்குதுறைச் சோதனைச்சாவடியில் எந்தக் கருவியையும் "போட்டுக் காட்டினால்" மட்டுமே திருகோணமலைக்குப் போகும் "லோஞ்ச்" படகில் ஏற விடுவார்கள். அந்த ஏழு நிமிடமும் வரிசையில் நிற்பவர்களிடம் அக்கா வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அவள் நகரத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். ஊர்ச்சனத்தின் கோரிக்கைகளைத் தமிழில் தட்டச்சு செய்து திங்கள்தோறும் கொண்டுபோக வேண்டும். வேலை நிரந்தரமாவது அந்தக் கடிதங்களில் தங்கியிருந்தது.

எனக்கு வயது பதினைந்து, முற்றிய கொம்பியூட்டர் பைத்தியம். பள்ளித் தோழி ரிஸானா, பென்குவின் படம் போட்ட இலவச இயங்குதள "சீடி" ஒன்றைக் கொண்டுவந்து, பழைய கணினியும் ஒரு நிமிடத்தில் எழும்பும் என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போன நேரம், கடிதங்கள் இருந்த பகுதியைத் தொடாமல் அதை ஏற்றிவிட்டோம். உண்மையிலேயே ஒரே நிமிடம்! அக்கா என்னை "எங்கட எஞ்சினியர்" என்று கூப்பிடத் தொடங்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். சாவடியில் கணினி சட்டென்று எழும்பியது. சிப்பாய் ஒரு கடிதத்தைத் திறக்கச் சொன்னார். திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அந்நாளில் தமிழ் எழுத்துரு என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் போட்ட சட்டை மாதிரி. புதிய இயங்குதளத்தில் அந்தச் சட்டையைப் போட நான் மறந்துவிட்டேன். பார்த்தவர் எவரும் சங்கேத மொழி என்றுதான் நினைப்பார். சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டார். கணினியைப் பறித்தால் அக்காவின் வேலை போய்விடும். அதற்கு மேல் நினைக்கவே பயமாயிருந்தது.

அக்கா விரல்களைக் காற்றில் அசைத்தாள். எந்த விசையில் எந்தத் தமிழெழுத்து என்று அவள் விரலுக்குத் தெரியும். அந்தக் குப்பையைப் பார்த்தே, "எங்கள் கிணற்றுக்கு வாளி இரண்டும் கயிறும் தந்துதவுங்கள்" என்று வாசித்தாள். வரிசையில் நின்ற பழக்கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. வேறு பக்கங்களைக் காட்டி வாசிக்கச் சொன்னார். திடீரென்று முதல் வரிக்குத் திரும்பினார். அதே வாளி, அதே கயிறு. அவர் முகம் இளகியது. ஏதோ கேட்டார்.

"வாளி கிடைச்சதா எண்டு கேக்கிறார்" என்றார் நானா.

"இந்தக் கொம்பியூட்டரை விட்டாத்தான் கிடைக்கும் எண்டு சொல்லுங்கோ" என்றாள் அக்கா.

நானா சொல்லி முடிக்குமுன் வரிசையே சிரித்துவிட்டது. அதிகாரியும் சிரித்துக் கையசைத்தார். பாதிக் கடல் கடந்ததும் அக்கா என் காதைத் திருகிவிட்டுத் தானும் சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

வேலை நிரந்தரமானது; வாளிகளும் வந்தன. இன்று அந்தச் சாவடி இல்லை. தொலைபேசி விரல் பட்டதும் விழிக்கிறது. தமிழுக்குச் சட்டை தைக்கும் வேலையும் இல்லை. எந்தக் கருவி நல்லது, எந்த இயங்குதளம் நல்லது என்று நண்பர்கள் கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவேன். ஆனால் கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் "வாளி இரண்டும் கயிறும்" என்று அடித்துப் பார்க்கிறேன். அது தமிழில் தெரிந்த பிறகுதான் விலையைக் கேட்பேன்.