குடலுக்குள் எரியாத அடுப்பு

டாலிகஞ்சிலிருந்து டம்டம் வரை மெட்ரோ ஒரே கோடாக ஓட ஆரம்பித்த வருஷத்துக் குளிர்காலம் அது. அந்த ரயில் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். வேலை முடிந்ததும் காரியமே இல்லாமல் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருவேன். நான் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரிக்கு மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. இரண்டு மாதம் வெட்கப்பட்டு மறைத்து, பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

பிழைக்க வங்காளத்துக்கு வந்த நான், சால்ட் லேக்கில் ஒரு ஆபீஸ் கேண்டீனில் சமையல்காரன். படிப்பு கிடையாது. வீடு டாக்குரியாவில், ஸ்டேஷனுக்குப் பின்னால். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது என்று மாத்திரை எழுதினார். சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. காரணம் எனக்கே தெரிந்துவிட்டதாக நினைத்தேன். வடை போடுகிற இருப்புச்சட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் பிடிக்கும் என்று தினமும் தேய்த்துப் பார்க்கிறவன் நான். இருபது வருஷமாக நான் ஊற்றிய நெய்தான் அவள் குடலில் பிசுக்காக ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினேன்.

அன்றோடு வீட்டில் நெய், எண்ணெய் எல்லாம் நின்றது. கஞ்சித் தண்ணீர், வேகவைத்த சுரைக்காய், உப்பு. நானும் அதையேதான் சாப்பிட்டேன். எதிர்வீட்டு பௌதி, அங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தினமும் மத்தியானம் சோற்றைக் குழைய வடித்து வாழைக்காயோடு கொண்டுவந்து கொடுப்பாள். "நெய் போட்டிருக்கிறாயா?" என்று கேட்டால் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வாள்.

ஆறு வாரத்தில் என் வீட்டுக்காரியின் கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறியது. மறுபடி டாக்டரிடம் போனோம். எடை பார்த்தவர் அதிர்ந்துபோனார். நான் பெருமையாக, ஒரு சொட்டு நெய் கொடுக்கவில்லை என்றேன். அவர் வங்காள மொழியில் திட்டினார். அதை என் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"நீ அடுப்பு வேலைக்காரன்தானே, கேளு. குடல் சுவத்துல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு அடுப்பு இருக்கு. பெருங்குடல்ல அதுக்கு விறகே ஒரு குட்டிக் கொழுப்புதான். சோறு, காயில செரிக்காம மிஞ்சினதை உள்ள இருக்கிற கிருமிங்க புளிக்க வச்சு அதை உண்டாக்கும். இந்த வியாதியில அந்த அடுப்பு சரியா எரியறதில்ல. எரியாததால வீங்குதா, வீங்கினதால எரியலையான்னு எங்களுக்கே இன்னும் தெளிவாத் தெரியாது. நீ என்னடான்னா சோத்தையே குறைச்சுட்ட!"

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, கோச்சுக்காதீங்க. தினம் அரை ஸ்பூன் நெய் உள்ள போச்சு. பௌதி சோத்துக்குள்ள குழி பண்ணி மறைச்சுக் குடுத்தாங்க."

"அடப்பாவமே! தலையில கை வச்சு சத்தியம் பண்ணாங்களே!"

"நீங்க மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு கேட்டா, யாருதான் உண்மையச் சொல்லுவாங்க?"

என்ன விஷயம் என்று டாக்டர் கேட்டார். நானே வங்காள மொழியில் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நெய் மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. மாத்திரையை விடாதே, உடம்பை இளைக்க விடாதே என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாசம் என்று நினைத்து நான் செய்ததுதான் அவளை உருக்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தேன். நெய்க் கரண்டியைச் சோற்றுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் எங்கயும் போயிட மாட்டேன், ஊத்துங்க," என்றாள்.

வெயில் காலத்துக்குள் ரத்தம் நின்றது. பின்னாலும் இரண்டு தடவை வந்தது. அப்போதெல்லாம் நான் சமையலறைக்குப் போகும் முன் டாக்டரிடம் போனேன்.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி வந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சமையல்காரனே இந்தத் தப்பைச் செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் கேட்பார்கள்.